கண்ணுக்குத் தெரியாத கடவுளும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும்

"கண்ணால் காணாத கடவுளை நம்பமாட்டோம் என்கின்ற நீங்கள், கண்ணால் காணாத கிருமியை மாத்திரம் எப்படி நம்புகின்றீர்கள்?" என்பதாக நம்மைக் கேட்பது ஆஸ்திகர்களுக்கு வெகுநாளைய வழக்கமாகும். முன்பெல்லாம் மேடைப் பிரசங்கிகள் மாத்திரமே கேட்டுவந்த இந்தக் கேள்வி, இப்போது விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் விதைப்புக் காலத்தில் எழக்கூடிய கேள்வியாகவும் ஆகிவிட்டது. ஏனெனில் விதையில் கலக்கவும், எருவில் கலக்கவும், பயிரின்மேல் தெளிக்கவும் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பெவேரியா, மெட்டாரைசியம் என்கின்ற பெயர்களோடு, பயிரைக் காக்கும் நுண்ணுயிர்கள் பொட்டலம் பொட்டலமாக வந்துகொண்டிருக்கின்றன. பொட்டலத்தைப் பிரித்தால் மாவு போன்ற தூள்தான் தெரிகின்றதே ஒழிய, உயிர் என்று எதுவும் கண்ணில் படுவதில்லை. ஆகவே, "கோயிலில் கொடுப்பதும் ஒரு பொட்டலம், ஆபீசில் கொடுப்பதும் ஒரு பொட்டலம், இரண்டும் விபூதிதானே!" என்று ஒரு சம்சாரி கேலி செய்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படிக் கேலி செய்கின்றவரை நாம் கோபித்துக்கொள்ளமாட்டோம். அவர் கேட்பது சரியான கேள்வியே ஆகும். இதற்கு யோக்கியமான பதில் சொல்ல முடியாதவன், அவன் ஆபீசரானாலும் சரி, வியாபாரியானாலும் சரி, பகுத்தறிவுவாதி என்று சொல்லிக்கொள்ளுகின்றவனானாலும் சரி, அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுக்க யோக்கியதை இல்லாதவனாவான்.

முதலில், இந்தக் கேள்வியில் பணயம் வைக்கப்பட்டிருப்பது என்ன என்று பார்ப்போம். விளாத்திகுளம் வைப்பாற்றங்கரையில் இருந்தபோதிலும், அதைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பாலானவை வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மானாவாரிக் கரிசலேயாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையை நம்பி, புரட்டாசியிலேயே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியவன் சம்சாரி. மக்காச்சோளமோ, பாசியோ, உளுந்தோ, பருத்தியோ, மிளகாயோ எதுவானாலும், வருஷத்தில் அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வெள்ளாமைதான். அந்த ஒன்றும் தப்பினால் அடுத்த வெள்ளாமைக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். வாங்கின கடனோ ஒரு நாளும் காத்திராது.

இப்படிப்பட்ட காட்டுக்கு 2018ஆம் வருஷத்தில் படைப்புழு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சொந்த இடமாகக் கொண்ட இந்தப் புழு, 2016இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டு, 2018இல் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அதே வருஷத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் நுழைந்து குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. புழு இவ்விதமென்றால், பயறு வகைகளுக்கு மண்ணுக்குள்ளேயே ஒரு சத்துரு உண்டு. மழை தவறி, மண் காய்ந்து, சூடேறும்போது வேரழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சாணம் தலையெடுக்கின்றது. நேற்றுப் பச்சையாக நின்ற செடி இன்று வாடி, பிடித்து இழுத்தால் வேர் நைந்து கையோடு வந்துவிடுகின்றது. நைந்த வேரில் கரித்தூள் தூவினது போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை அந்தப் பூஞ்சாணம் அடுத்த போகத்துக்காக மண்ணில் விட்டுவைக்கும் விதைகள் போன்றவையாகும்.

இந்தக் கேட்டுக்கு நம் மக்கள் இதுவரை கைக்கொண்டு வந்திருக்கும் பரிகாரங்கள் எவை? ஒன்று, சாமி குத்தம் என்றும் கண்ணேறு என்றும் சொல்லிக்கொண்டு, மந்திரித்த மணலையும் விபூதியையும் காட்டின் நாலு மூலையிலும் போடுவது. மற்றொன்று, மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் விஷத்தை, அது எந்தப் புழுவுக்கு, எந்த அளவுக்கு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேளாமல் வாங்கி வந்து அடிப்பது. முதல் காரியத்தை மூடநம்பிக்கை என்றும், இரண்டாவது காரியத்தை விஞ்ஞானம் என்றும் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். நாமோ இரண்டும் ஒரே குணமுடையவை என்கின்றோம். கேள்வி கேளாமல் கைநீட்டி வாங்குவதுதான் மூடநம்பிக்கையே தவிர, வாங்குகின்ற வஸ்து சாம்பலா ரசாயனமா என்பதில் அது இல்லை. சாம்பலைத் தூவினவனுக்குக் காசு மட்டும் போகும். விஷத்தைக் கண்மூடி அடித்தவனுக்கு உயிரே போய்விடக்கூடும். 2017இல் மகாராஷ்டிர மாகாணத்தின் யவத்மாள் ஜில்லாவில், பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் விஷமேறி மாண்டுபோனார்கள். மருந்து டேங்கை முதுகில் சுமப்பவன் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். காட்டுக்குச் சொந்தக்காரன் வரப்பில் நிற்க, முகத்தில் ஒரு துண்டுகூட ஒழுங்காக இல்லாமல் அந்தப் புகைக்குள் நடப்பவன் அநேகமாக நிலமில்லாத கூலிக்காரனே ஆவான். நிலத்தில் பங்கு இல்லாதவனுக்கு விஷத்தில் மாத்திரம் முதல் பங்கு என்பது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இனி, நுண்ணுயிர் என்பதற்கு என்ன ருஜு என்பதைப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் பட்டுப்புழு வளர்த்தவர்களை வெகுகாலமாக ஒரு நோய் வாட்டி வந்தது. செத்த புழுக்கள் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்துப்போயின. காற்று கெட்டதால் வந்தது என்றும், தீனி கெட்டதால் வந்தது என்றும், தானே உண்டாயிற்று என்றும் பலர் பலவாறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியில் அகோஸ்தினோ பாஸி என்பவர் வருஷக்கணக்காகச் சோதனை செய்து, செத்த புழுவின்மேலுள்ள வெள்ளைத் தூளை நல்ல புழுவுக்குப் பட வைத்தால் அதற்கும் அதே நோய் வருகின்றது என்பதையும், அந்தத் தூள் ஒரு பூஞ்சாணம் என்பதையும் 1835இல் வெளியிட்டார். அவர் பெயரையே தாங்கி நிற்பதுதான் பெவேரியா பாசியானா என்னும் பூஞ்சாணம். பட்டுப்புழுவைக் கொல்லுவது தீமை செய்யும் புழுவையும் கொல்லாதா என்ற கேள்வி அதன் பிறகு எழுந்தது. இன்று உக்ரைன் தேசத்தைச் சேர்ந்த ஒடெஸாவில், கோதுமையை அழித்த வண்டுகளின்மேல் பச்சையாகப் படரும் ஒரு பூஞ்சாணத்தை மெட்சினிகாப் என்பவர் 1879இல் ஆராய்ந்து, அதை வளர்த்துப் பூச்சிகளுக்கு எதிராக ஏவலாம் என்றார். இன்று மக்காச்சோளக் குருத்தில் படைப்புழுவுக்காகத் தெளிக்கச் சொல்லும் மெட்டாரைசியம் அதுவேயாகும். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் பட்டுப்புழுவைத் திடீரென்று சாகடிக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். அதையே பிறகு ஜெர்மனியில் பெர்லினர் என்பவர் துரிங்கியா பிரதேசத்து மாவுப்பூச்சியில் கண்டு, அந்தப் பிரதேசத்தின் பெயரை அதற்கு இட்டார். பூஞ்சாணத்தைத் தின்னும் பூஞ்சாணமும் உண்டு என்பதை, டிரைக்கோடெர்மாவை வைத்து அமெரிக்காவில் வெயின்ட்லிங் என்பவர் 1932இல் காட்டினார்.

இவர்களில் எவராவது கனவில் கண்டேன் என்றோ, அசரீரி கேட்டது என்றோ சொன்னதுண்டா? "நான் செய்தது இன்னது, நீயும் செய்து பார், வராவிட்டால் என்னைப் பொய்யன் என்று சொல்" என்பதே அவர்கள் வழி.

இந்த உயிர்கள் வேலை செய்வதில் மாயம் ஒன்றும் கிடையாது. டிரைக்கோடெர்மா என்பது மண்ணில் தானாகவே வாழும் ஒரு பூஞ்சாணம். வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சாணத்தின் இழையைக் கண்டால் அதன்மேல் கொடிபோல் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைக் கக்கி, உள்ளிருப்பதை உறிஞ்சிவிடுகின்றது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா, வேரைச் சுற்றியுள்ள இரும்புச் சத்தைத் தான் முந்திப் பிடித்துக்கொண்டு நோய்க் கிருமியைப் பட்டினி போடுகின்றது. அதோடு, செடி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியையும் தூண்டிவிடுகின்றது. மெட்டாரைசியம், பெவேரியா ஆகியவற்றின் வித்துக்கள் புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, உள்ளே துளைத்துச் சென்று, சில நாளில் புழுவைக் கொன்று, செத்த உடம்பின்மேல் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூக்கின்றன. காய்ப்புழுவுக்குத் தெளிக்கும் ஒரு வைரஸ் நோயோ, புழுவின் உடம்பைக் கரைத்து, செடியில் தலைகீழாகத் தொங்கவைத்து விடுகின்றது. தொங்குகின்ற புழுவைப் பார்ப்பதற்கு ஞானக்கண் ஒன்றும் வேண்டியதில்லை. மாமிசக்கண்ணே போதும்.

ஆகவே ஆஸ்திகத் தோழர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். கிருமி கண்ணுக்குத் தெரியாதது என்பதற்காக நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகின்றது என்பதற்காகவும், எண்ணிப் பார்க்க முடிகின்றது என்பதற்காகவும், வெயிலில் போட்டால் சாகின்றது என்பதற்காகவும் ஒப்புக்கொள்ளுகின்றோம். நல்ல டிரைக்கோடெர்மாத் தூள் என்றால் ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிர் இருக்க வேண்டும் என்று சர்க்கார் அளவு வைத்திருக்கின்றது. அதற்குக் குறைந்தால் அது கழிவுச் சரக்கு. ஒரு கிராம் விபூதியில் எத்தனை மகிமை இருக்க வேண்டும் என்று எந்த ஆகமத்திலாவது அளவு உண்டா? நாள் கடந்துபோன மகிமை என்று எந்தக் கோயிலிலாவது பிரசாதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது உண்டா? தோற்றுப்போகக் கூடியது எதுவோ அதைத்தான் சோதிக்க முடியும். எந்தக் காலத்திலும் தோற்காது என்று சொல்லப்படுவது எதையும் சோதிக்கவே முடியாது. கடவுள் காரியத்தில் பலித்தால் சாமியின் கிருபை, பலிக்காவிட்டால் பக்தனின் குறை என்று, முன்னாலேயே இரண்டு பக்கமும் அடைத்து வைத்திருக்கின்றார்கள்.

நிற்க. இந்த நியாயத்தை எதிரிகளிடம் மாத்திரம் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வது யோக்கியமாகாது. நுண்ணுயிரின் பேரால் நடக்கும் பித்தலாட்டங்களையும் இதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பசுவின் பெயரால் நடப்பது. சாணி, மூத்திரம், பால், தயிர், நெய் ஐந்தையும் புளிக்க வைத்துத் தெளிப்பதற்குப் பஞ்சகவ்யம் என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? தீட்டுக் கழிப்பதற்காகவும் பாவம் தீருவதற்காகவும் புரோகிதன் கொடுத்துக் குடிக்கச் செய்த சரக்கின் பெயரல்லவா இது? புளித்த கரைசலில் நுண்ணுயிர்கள் பெருகும் என்பதும், அவற்றில் சில பயிருக்கு உதவக்கூடும் என்பதும் சரியே. அதை அளந்து பார்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்ள நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதில் வேலை செய்வது பசுவின் தெய்வத்தன்மை என்று சொல்லும்போதுதான் நாம் குறுக்கிடுகின்றோம். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்குச் சாமியும் தெரியாது, சாஸ்திரமும் தெரியாது. ஒருவர் வீட்டுப் பானையில் பெருகியது மற்றொருவர் வீட்டுப் பானையிலும் பெருகியிருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. பக்தியின் பெயரால் விற்கப்படும் பானையை எவரும் சோதிக்கத் துணியமாட்டார்கள் என்பதே இதில் உள்ள பெரிய ஆபத்து.

இரண்டாவது, இயற்கை என்ற பெயரால் நடப்பது. இயற்கை எல்லாம் நன்மை என்பது புராணக்காரன் பேச்சு. வேரழுகல் பூஞ்சாணமும் இயற்கைதான், படைப்புழுவும் இயற்கைதான். நல்ல கிருமிகூட எல்லோருக்கும் நல்லதல்ல. பெவேரியாவைப் பட்டுப்புழு வளர்க்கும் இடத்துக்கு அருகில் தெளித்தால், அன்று இத்தாலியில் நடந்ததே இங்கும் நடக்கும். சோதிக்காமல் கட்டளை போட்டால் என்னவாகும் என்பதற்கு நம் கடலுக்கு அக்கரையில் உள்ள இலங்கையே சாட்சி. அங்கே 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடுத்து, நாடு முழுவதும் உடனே இயற்கை விவசாயத்துக்கு மாற வேண்டும் என்றார்கள். நெல்லும் தேயிலையும் விளைச்சல் குன்றி, குடியானவர்கள் தெருவுக்கு வந்து கூச்சலிட்ட பிறகு, அந்த வருஷம் நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள். இதனால் நுண்ணுயிர் விவசாயம் பொய் என்று ஆகிவிடாது. மாற்றத்துக்கு வேண்டிய காலமும் சரக்கும் அறிவும் கொடாமல், மேலிருந்து விதி எழுதுவதே பொய் என்று ஆகின்றது.

மூன்றாவது, செத்த சரக்கு வியாபாரம். நுண்ணுயிர்ப் பொட்டலம் உயிருள்ள சரக்காகும். தகரக் கூரையின்கீழ் கோடை முழுவதும் வெந்து கிடந்த பொட்டலத்தில் மிச்சமிருப்பது வெறும் மாவுதான். டால்க் மாவில் கலந்து விற்கும் சரக்குக்குச் சில மாதங்களே ஆயுள். அதை வாங்கிப் போட்டுப் பலன் காணாத சம்சாரி, கடைக்காரரை விட்டுவிட்டு விஞ்ஞானத்தையே திட்டுகின்றான். திரும்பவும் விஷத்துக்கோ விபூதிக்கோ போய்விடுகின்றான். ஆகையால் போலிப் பொட்டலம் விற்கின்றவன் பணத்தை மாத்திரம் திருடுகின்றவனல்ல, புத்தியையும் திருடுகின்றவனாவான்.

எனவே சம்சாரித் தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம், எங்களையும் நம்பவேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்பதுதான். பொட்டலத்தில் பதிவு எண், ஒரு கிராமுக்கு எத்தனை உயிர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகிய நான்கும் அச்சிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். பயறு விதை ஒரு கிலோவுக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பதும், மண்ணில் இடுவதற்கு ஏக்கருக்கு 1 கிலோ தூளை 20 கிலோ மக்கிய எருவில் கலப்பது என்பதும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவுகள். விதையை நிழலில் உலர்த்துங்கள். கார்பெண்டாசிம் போன்ற பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையில் டிரைக்கோடெர்மாவையும் சேர்க்காதீர்கள். காவலுக்கு வைத்தவனையே விஷம் வைத்துக் கொன்றதாகும். புழுவுக்குத் தெளிப்பதைச் சாயங்காலத்தில், ஈரக்காற்று உள்ள நாளில் தெளியுங்கள். உச்சி வெயில் பூஞ்சாண வித்தையும் வைரஸையும் கெடுத்துவிடும். அடித்த அன்றே புழு விழவில்லையே என்று பதறவேண்டாம், பூஞ்சாணத்துக்குச் சில நாள் வேண்டும். செடி வாடின பிறகு டிரைக்கோடெர்மாவைப் போட்டால் செத்த செடி எழுந்து நிற்காது. அது வருமுன் காப்பதேயன்றி, செத்தாரை எழுப்பும் சஞ்சீவி அல்ல.

புழுதி விதைப்புக்காரர்கள் இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மழை வருமுன் காய்ந்த மண்ணில் பல நாள் கிடக்க வேண்டிய விதைக்கு, வறட்சி தாங்கும் உயிர்தான் ஏற்றது. பாசில்லஸ் இனத்துப் பாக்டீரியா கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வறட்சியைத் தாங்கிக் கிடக்கும். சூடோமோனாஸுக்கு அந்த ஓடு கிடையாது. ஆற்றுப் பாசனத்து வயலில் பலித்தது கரிசலில் அப்படியே பலிக்கும் என்று எவரேனும் சொன்னால், "கரிசலில் செய்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கோவில்பட்டியில் 1901இலேயே ஏற்பட்ட விவசாய ஆராய்ச்சி நிலையம் விளாத்திகுளத்துக்கு எட்டாத தூரத்தில் இல்லை. கிள்ளிகுளத்தில் விவசாயக் கல்லூரியும் இருக்கின்றது. அவை உங்கள் வரிப்பணத்தில் நடப்பவை. கேட்பது பிச்சையல்ல, உரிமையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் காட்டிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே உழவு. நாலு சால் நுண்ணுயிர் கலந்த விதை, அடுத்த நாலு சால் கலக்காத விதை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எந்தச் சால் எது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். வாரத்துக்கு ஒருநாள் வாடின செடியை எண்ணிப் பிள்ளைகளைக் கொண்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அறுப்பின்போது தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். ஒரு காட்டில் ஒரு வருஷம் பார்த்தது போதாது. ஊரில் பத்துப் பேர் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் பார்த்தால் அது சாஸ்திரம் ஆகும். பலன் இல்லையென்றால் கூசாமல் இல்லையென்றே எழுதுங்கள். களை எடுக்கும் பெண்களையும் மருந்தடிக்கும் கூலித் தோழர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். செடியோடு நாள் முழுவதும் குனிந்து நிற்கும் அவர்களின் கண், வரப்பில் நிற்பவன் கண்ணைவிடக் கூர்மையானது.

சர்க்காரையும் நாம் கேட்கின்றோம். விதைப்பு முடிந்த பிறகு பொட்டலம் கொண்டுவந்து இறக்குவதால் யாருக்குப் பிரயோஜனம்? ஆவணி முடிவதற்குள் புதுச் சரக்கு கரிசல் கிராமங்களுக்கு வரவேண்டாமா? கடையில் இருக்கும் பொட்டலத்தை எடுத்து உயிர் எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கை ஊர்ச் சாவடியில் ஒட்டினால் என்ன? விஷம் அடிக்கும் கூலியாளுக்கு முகமூடியும் கையுறையும் கொடுக்கச் செய்வதற்கு இன்னும் எத்தனை யவத்மாள் வேண்டும்?

கடைசியாக ஒன்று. பல்லாயிரம் வருஷமாக நம் மக்கள் மண்ணைத் தாய் என்று கும்பிட்டார்கள், அதற்குப் பொங்கலிட்டார்கள், கிடாய் வெட்டினார்கள். அதற்குள்ளே என்ன இருக்கின்றது என்று கிண்டிப் பார்த்துக் கேட்கத்தான் புரோகிதன் விடவில்லை. ஒரு பிடி கரிசல் மண்ணில் உள்ள உயிர்களின் தொகைக்கு முன்னால் முப்பத்து முக்கோடி தேவர்களும் எண்ணிக்கையில் தோற்றுப்போவார்கள். இந்த உயிர்களுக்குப் படையலும் வேண்டாம், தட்சணையும் வேண்டாம், நடுவில் தரகனும் வேண்டாம். கொஞ்சம் எருவும் ஈரமும், விதைக்கின்றவன் தலையில் கொஞ்சம் கேள்வியும் இருந்தால் போதும். வருகின்ற புரட்டாசியில் விளாத்திகுளம் கரிசலில் எத்தனை காடுகளில் அடையாளக் குச்சி நட்டுப் பரீட்சை நடக்கின்றது என்று பார்ப்போம்.